"ரிப்போர்ட் எல்லாம் நார்மல்" என்று சொல்லி அனுப்பும் மருத்துவர்களுக்கு

மதிப்புக்குரிய டாக்டர்களே,

பொது மருத்துவம் பார்க்கிறவர்கள், வயிறு குடல் ஸ்பெஷலிஸ்ட்டுகள், நள்ளிரவில் அவசரப் பிரிவில் டிரிப்ஸ் ஏற்றி அனுப்புகிறவர்கள் என்று எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். வைரஸ் தொற்று ஒன்று வந்து போன பிறகு வயிறு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பாமல் நாளை ஓட்டிக்கொண்டிருக்கிற எத்தனையோ பேரில் நானும் ஒரு ஆள். வாந்தி, பேதி, காய்ச்சல் எல்லாம் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிட்டன, அதற்கப்புறம் வந்து ஒட்டிக்கொண்டதுதான் போக மாட்டேன் என்கிறது. உங்களிடம் நான் புது மருந்து எதுவும் கேட்கவில்லை. தொற்றுக்குப் பிறகு குடல் இப்படி மக்கர் பண்ணுவது உங்களுக்குத் தெரிந்த விஷயம், உங்கள் புத்தகங்களிலேயே இருக்கிற விஷயம். அதை எங்களிடம் வாய் திறந்து சொல்லுங்கள், சொன்ன கையோடு கைகழுவிவிடாதீர்கள். அவ்வளவுதான்.

முதலில் உங்கள் அறையில் கேட்கப்படாத கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். "எத்தனை தடவை போகிறது, ரத்தம் போகிறதா, எடை குறைந்ததா" என்று கேட்பீர்கள், கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் எத்தனை தடவை என்பதைவிட எவ்வளவு அவசரம் என்பதுதான் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. காலையில் கிளம்பும்முன் ஒருமுறை கழிப்பறைக்குப் போய்வந்து, செருப்பை மாட்டிய பிறகு "எதற்கும் இன்னொருமுறை" என்று திரும்பி உள்ளே போய், அப்புறமும் நம்பிக்கை வராமல் வாசலிலேயே ஒரு நிமிடம் நின்று வயிறு என்ன சொல்கிறது என்று கவனித்துவிட்டுத்தான் தெருவில் இறங்க முடிகிறது. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் கண் முதலில் தேடுவது கழிப்பறை எந்தப் பக்கம் என்பதைத்தான். நீண்ட பயணம் என்றால் முந்தின நாளே சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வது, அதுவும் போதாதென்று பயண நாளில் பட்டினி கிடப்பது என்று பழகிவிட்டது. காலையில் சரியாக இருந்த உடுப்பு சாயங்காலம் இடுப்பில் இறுக்கிப் பிடிக்கும், மேஜைக்கு அடியில் கையை விட்டு யாரும் பார்க்காமல் பொத்தானைக் கழற்றிவிட்டு முகத்தை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எல்லோரும் பேச்சை நிறுத்துகிற அந்த ஒரு நொடி பார்த்து வயிறு பேச ஆரம்பிக்கும். சாப்பிடக் கூப்பிடுகிறவர்களுக்கு எத்தனை நாள்தான் சாக்குச் சொல்வது, கொஞ்ச நாளில் அவர்களே கூப்பிடுவதை விட்டுவிடுகிறார்கள். இதில் உயிர் போகிற ஆபத்து எதுவும் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மனிதன் நாள் முழுக்கத் தன் குடலுக்குக் காவல் இருக்கிற வேலையைச் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதாவது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, பரிசோதனைகளுக்கு வருவோம். ரத்தம், மலம், ஸ்கேன், என்டோஸ்கோபி என்று எல்லாம் எடுத்துப் பார்த்தாயிற்று. ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறீர்கள்: "எல்லாம் நார்மல், ஒன்றுமில்லை, தைரியமாகப் போங்கள்." புற்றுநோய் இல்லை, குடல் அழற்சி நோய் இல்லை என்று கேட்பது நிம்மதிதான், அந்த ஒரு நாள் ராத்திரி நன்றாகவே தூங்கினேன். மறுநாள் காலையில் அதே வயிறு, அதே ஓட்டம். இப்போது கூடுதலாக ஒரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது, ஒன்றுமில்லை என்றால் இது என்ன? வீட்டிலும் அதையே கேட்கிறார்கள். டாக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாரே, நீதான் பெரிசு பண்ணுகிறாய் என்று பார்வை மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கேமரா குடலின் உள்தோலைத்தான் பார்க்கிறது. அந்தத் தோலுக்குப் பின்னால் இருக்கிற நரம்புகள் எவ்வளவு கூர்மையாகிவிட்டன, தசை எந்த வேகத்தில் அசைகிறது என்பதெல்லாம் அதில் விழாது. இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, நீங்கள் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இது ஏதோ நேற்று வந்த புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1962-லேயே ஆக்ஸ்ஃபோர்டில் சௌத்ரி, ட்ரூலவ் என்ற இரண்டு மருத்துவர்கள் இப்போது ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்) என்று சொல்கிற இப்படிப்பட்ட குடல் தொல்லை உள்ள 130 பேரை ஆராய்ந்து, அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு நோய் ஒன்று வந்துபோன பிறகே தொல்லை தொடங்கியிருந்ததை எழுதிவைத்தார்கள். 2000 மே மாதம் கனடாவில் வாக்கர்டன் என்ற சிறிய ஊரின் குடிநீரில் ஈ.கோலை, கேம்பிலோபாக்டர் கிருமிகள் கலந்து 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், 7 பேர் இறந்துபோனார்கள். அந்த ஊர்க்காரர்களை ஆய்வாளர்கள் அப்படியே விட்டுவிடாமல் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்தும் பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 28 சதவீதம் பேருக்கு ஐபிஎஸ் இருந்தது, எட்டாவது வருடம் அது 15 சதவீதமாகக் குறைந்திருந்தது. அப்புறம் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2017-ஆம் வருடத்து அலசல் ஒன்று, குடல் தொற்று வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் இந்தத் தொல்லை வருகிறது என்றும், தொற்று வராதவர்களைவிட அவர்களுக்கு வாய்ப்பு நான்கு மடங்கு அதிகம் என்றும் சொன்னது. கோவிட்டுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பல நாடுகளில் ஒரு வருடம் கவனித்ததில் 3.2 சதவீதம் பேருக்குப் புதிதாக ஐபிஎஸ் வந்திருந்தது, ஒப்பிட எடுத்துக்கொண்ட மற்றவர்களில் 0.5 சதவீதம்தான்.

இந்தக் கணக்கெல்லாம் நான் தேடித் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது. ராத்திரி ரெண்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஃபோனில் தேடுகிறவனுக்கு இதற்குப் பக்கத்திலேயே இன்னும் நூறு குப்பையும் கிடைக்கிறது, குடலைக் கழுவும் பொடி, ஒட்டுண்ணியை விரட்டும் எண்ணெய், கேள்விப்படாத பெயரில் ரத்தப் பரிசோதனை என்று. உங்கள் அறையில் இரண்டு நிமிடம் கிடைக்காததால்தான் நாங்கள் அங்கே போய் மாட்டிக்கொள்கிறோம். அந்தக் கணக்கிலேயே நல்ல செய்தியும் இருக்கிறது. வைரஸுக்குப் பின் வருகிற தொல்லை பாக்டீரியாவுக்குப் பின் வருவதைவிடப் பெரும்பாலும் சீக்கிரம் தணிந்துவிடுகிறது, ஒரு வருடம் தாண்டினால் பலருக்குக் குறைந்துவிடுகிறது. இது ஒரு நோயாளிக்கு எவ்வளவு பெரிய விஷயம்! இதைக்கூட யாரும் சொல்லவில்லை.

உள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்டால் ஒரே பதில் இல்லை, அதனால்தான் எல்லோருக்கும் ஒரே மாத்திரைச் சீட்டு எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ரோட்டா மாதிரியான வைரஸ்கள் சிறுகுடலின் உள்பக்கம் சின்ன விரல்கள்போல் நீட்டிக்கொண்டிருக்கிற குடலுறிஞ்சிகளின் நுனியைத்தான் தாக்குகின்றன, பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கிற லாக்டேஸ் நொதி இருப்பதும் அதே இடத்தில். நுனி போனால் பால் ஒத்துக்கொள்ளாது, நுனி வளர்ந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் மறுபடி ஒத்துக்கொள்ளும். இன்னும் சிலருக்குச் சிறுகுடலின் கடைசியில் திரும்ப உறிஞ்சப்பட வேண்டிய பித்த அமிலம் பெருங்குடலுக்குள் வழிந்து தண்ணீர்போல் பேதியை உண்டாக்குகிறது, அதைப் பிடித்துக்கொள்ள கொலஸ்டிரமின் என்கிற பழைய மருந்து இருக்கிறது. யோசித்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு, வருடக்கணக்கில் "ஐபிஎஸ்" என்று ஃபைலில் எழுதப்பட்டு சுற்றிக்கொண்டிருந்தவர்கள் சிலருக்குப் பிரச்சினை இதுவாகத்தான் இருக்கிறது.

பெல்ஜியத்தின் லூவென் நகரத்து ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட வேலை என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. எலிகளுக்குக் குடல் தொற்று இருக்கும் நேரத்தில் ஒரு உணவுப் புரதத்தைக் கொடுத்தார்கள். தொற்று போன பிறகு அதே புரதத்தைக் கொடுத்தபோது குடல் அதை எதிரியாகப் பார்த்தது. அங்கே இருக்கிற மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கக்கி நரம்பைச் சீண்டின, வலி வந்தது. இத்தனைக்கும் அது குடலுக்குள் மட்டும் நடந்தது, உடம்பு முழுக்க அலர்ஜி எதுவும் இல்லை. பிறகு ஐபிஎஸ் உள்ள 12 பேரின் குடல் சுவரில் கோதுமை, கோதுமையில் இருக்கிற குளூட்டன், சோயா, பால் இவற்றின் புரதத்தைத் துளி துளியாக ஊசியில் செலுத்திப் பார்த்ததில் 12 பேருக்கும் ஏதாவது ஒன்றுக்காவது தடிப்பு வந்தது, ஆரோக்கியமானவர்கள் 8 பேரில் இரண்டு பேருக்குத்தான் வந்தது. சின்ன ஆய்வுதான், இதை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் "சாப்பிட்டதும் வலிக்கிறது, அலர்ஜி டெஸ்ட்டில் ஒன்றும் வரவில்லை" என்று சொல்கிற ஆளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவதற்கு முன் இது உங்கள் ஞாபகத்துக்கு வரலாம் இல்லையா?

அடுத்தது அந்த 'டென்ஷன்' பேச்சு. இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

மனக்கவலைக்கும் குடலுக்கும் தொடர்பே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. தொற்று வரும் நேரத்தில் மனக்கவலையும் இருந்தால் பின்விளைவுக்கான வாய்ப்பு இரண்டு மடங்கு ஆகிறது என்று மேலே சொன்ன அதே அலசல் சொல்கிறது, மூளையும் குடலும் நாள் முழுக்க நரம்பு வழியே பேசிக்கொண்டே இருக்கின்றன என்பதும் தெரிந்ததுதான். ஆனால் "டென்ஷன் எடுத்துக்காதீங்க" என்று நீங்கள் சொல்லும்போது அது எங்கள் காதில் சிகிச்சையாக விழுவதில்லை, கதவைச் சாத்துகிற சத்தமாகத்தான் விழுகிறது. கூட்டத்தின் நடுவில் எழுந்து ஓட வேண்டி வருமோ என்ற பயம் எனக்கு வைரஸ் வருவதற்கு முன் இருந்ததில்லை. எது முதலில் வந்தது என்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அதைச் சொல்லியிருப்பேன். மனதுக்கும் உதவி வேண்டும் என்றால் அதையும் முறையாகச் செய்யுங்களேன். குடல் தொல்லைக்கென்றே வடிவமைத்த ஹிப்னாஸிஸ் சிகிச்சையும், பேச்சுவழிச் சிகிச்சையும் இருக்கின்றன, பலன் இருக்கிறது என்று ஆய்வுகளும் உள்ளன. அதற்கு அனுப்புவது வேறு, தோளைத் தட்டி வெளியே அனுப்புவது வேறு.

இதன் இன்னொரு முகம் மாத்திரையில் தெரிந்தது. ஒரு டாக்டர், பெயர் வேண்டாம், சீட்டில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் என்று எழுதி, "ராத்திரி ஒன்று போடுங்கள், சரியாகிவிடும்" என்றார். வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தேன். எட்டாக மடித்த தாள், கண்ணுக்குத் தெரியாத எழுத்து, முதல் வரியிலேயே மனச்சோர்வுக்கான மருந்து என்று இருந்தது. அட, இவரும் என்னை மனநோயாளி என்று முடிவு கட்டிவிட்டாரா என்று வந்த கோபத்தில் பெட்டியை அப்படியே அலமாரியில் போட்டுவிட்டேன். பல வாரம் கழித்து வேறொரு டாக்டர் சொன்னார்: இந்த அளவில் இது மனச்சோர்வுக்கே போதாது, அதற்கு இதைப் போல் பல மடங்கு வேண்டும், இங்கே இது குடல் நரம்பிலிருந்து வருகிற வலியின் சத்தத்தைக் குறைக்கவும், குடலின் வேகத்தைத் தணிக்கவும் தரப்படுகிறது. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்துகிற செரடோனின் என்ற ரசாயனம் உடம்பில் இருப்பதில் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, அதனால் மூளைக்கான மருந்து குடலில் வேலை செய்வதில் ஆச்சரியம் இல்லை என்றும் சொன்னார். சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? பிரிட்டனில் 463 பேரை வைத்து நடத்தி 2023-இல் வெளியான சோதனை ஒன்றில், பொது மருத்துவர்களே 10-இல் தொடங்கி 30 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்து, ஆறு மாதத்தில் வெற்று மாத்திரையைவிட நல்ல பலன் கண்டார்கள். வாய் உலரும், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அதையும் முன்பே சொல்லிவிட்டால் நாங்கள் பயந்து நிறுத்த மாட்டோம். விளக்காமல் எழுதிக்கொடுத்த நல்ல மருந்து அலமாரியில்தான் கிடக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் நீங்கள் கொடுக்கிற அந்த ஒற்றைத் தாள் இருக்கிறதே, 'தவிர்க்க வேண்டியவை' என்று பட்டியல் போட்டது, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பருப்பு, ஆப்பிள் என்று எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான, ஃபாட்மேப் (சரியாகச் செரிக்காமல் குடலில் புளிக்கிற சர்க்கரை வகைகள்) குறைந்த உணவு முறையின் அரைகுறைப் பிரதி அது. அந்த முறையை உருவாக்கியவர்களே கடுமையான கட்டத்தை இரண்டிலிருந்து ஆறு வாரம் வரைதான் வைக்கச் சொல்கிறார்கள், அதற்கப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது உண்மையில் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் தாளில் திரும்பச் சேர்ப்பது பற்றி ஒரு வரி கிடையாது. விளைவு என்ன தெரியுமா, வருடக்கணக்கில் நாலைந்து பொருளை மட்டும் தின்றுகொண்டு எடை இறங்கி, புதிதாக எதைப் பார்த்தாலும் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உணவியல் நிபுணர் ஒருவரிடம் அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். முடியாவிட்டால் அந்தத் தாளின் கீழே 'ஆறு வாரத்துக்கு மட்டும்' என்று கையால் எழுதிக் கொடுத்தாலும் போதும். நார்ச்சத்து சாப்பிடுங்கள் என்று பொதுவாகச் சொல்வதிலும் இதே சிக்கல்தான். இசப்கோல் மாதிரி கரைகிற நார் பலருக்கு உதவுகிறது, தவிடு மாதிரி கரையாத நார் பலருக்கு உப்புசத்தைக் கூட்டுகிறது. எந்த நார் என்று சொல்லுங்கள்.

பேதியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். வைரஸுக்குப் பின் இரைப்பையே மந்தமாகிப் போனவர்களும் இருக்கிறார்கள், நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும், காலையில் சாப்பிட்டது சாயங்காலம் வாந்தியில் வரும். இவர்களுக்கு என்டோஸ்கோபி பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும். லேசான கதிரியக்க அடையாளம் வைத்த உணவைக் கொடுத்து நான்கு மணி நேரம் கழித்துப் படமெடுக்கிற சோதனையில் 10 சதவீதத்துக்கு மேல் இரைப்பையிலேயே தங்கியிருந்தால் அதுதான் பதில். அதைக் கேட்டுப் பார்க்காமல் அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தால் எப்படி?

சரி, உங்கள் பக்கமும் தெரியாமல் இல்லை. வெளியே வரிசை நிற்கிறது, ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம்கூடத் தேறாது. அதனால் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வாந்திபேதியோடு வருகிற ஆளை அனுப்பும்போதே, "சிலருக்கு இதற்கப்புறம் சில மாதம் வயிறு சரியாக இருக்காது, பயப்பட வேண்டாம், நான்கு வாரத்தில் அடங்கவில்லை என்றால் வந்து பாருங்கள்" என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். வைரஸ் என்று தெரிந்தும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஆன்டிபயாட்டிக் எழுதாதீர்கள். அது வைரஸைத் தொடாது, தொற்று சமயத்தில் அதை எடுத்துக்கொண்டவர்களிடம் பின்தொல்லை கூடுதலாக இருப்பதும் ஆய்வுகளில் தெரிகிறது. திரும்பி வந்தால் ரத்தசோகை, சீலியாக் (குளூட்டன் குடலைக் கெடுக்கிற நோய்), தைராய்டு, மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டுகிற புரதம்) என்று அடிப்படையானவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி, விடாத காய்ச்சல், குடும்பத்தில் குடல் புற்றுநோய், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது, இப்படி ஏதாவது இருந்தால் நன்றாகத் தோண்டிப் பாருங்கள், அப்போது நார்மல் என்று அவசரப்பட்டு யாரையும் அனுப்பாதீர்கள். எதுவும் இல்லை என்றால் அதே சோதனைகளைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டாம். அதற்குப் பதில் "இது தொற்றுக்குப் பின் வந்த குடல் தொல்லை, முதலில் இதைச் செய்து பார்ப்போம், சரிவரவில்லை என்றால் அடுத்தது இது" என்று சொல்லி, மறுபடி வர ஒரு தேதியும் குறித்துக் கொடுங்கள். தேதி இருந்தால் அதுவரை தாக்குப்பிடிக்க முடிகிறது. தேதி இல்லாமல் அனுப்பினால் அடுத்த டாக்டரைத் தேடிப் போகிறோம், அவர் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார், மறுபடியும் குழாய், மறுபடியும் ஊசி, மறுபடியும் நார்மல்.

அப்புறம் ஃபைலில் முதல் பக்கத்தில் தொற்று வந்த மாதத்தைக் குறித்து வையுங்கள். "அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம்தான் டாக்டர்" என்று நாங்கள் ஆரம்பிக்கும்போதே பாதிப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு "சரி, இப்போ என்ன பண்ணுது?" என்று கேட்கிறீர்கள். அந்த முதல் பாதியையும் எழுதிக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

எனக்கு இப்போது முன்பைவிடப் பரவாயில்லை. நல்ல வாரங்கள் வருகின்றன, நடுவில் கெட்ட வாரமும் வருகிறது. அடுத்த முறை வரும்போது, இப்போது போட்டுக்கொண்டிருக்கிற இந்த 10 மில்லிகிராமை எப்போது குறைத்துப் பார்க்கலாம், பாலைத் திரும்ப ஆரம்பிக்கலாமா என்று இரண்டு கேள்வி கேட்கப் போகிறேன், துண்டுச் சீட்டில் எழுதியே வைத்திருக்கிறேன். கொஞ்சம் நேரம் ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
ரிப்போர்ட்டில் நார்மலான ஒரு நோயாளி